செம்பருத்தி: கேள்விகளும் பதில்களும்

கே: அக்கா, செம்பருத்தியா செம்பரத்தையா? எது சரி?

ப: இரண்டும் ஒரே பூதான். ஈழத்தில் செவ்வரத்தை என்பார்கள். பழைய குறிப்புகளைப் படிக்கும்போது மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். அங்கே செம்பருத்தி என்ற பெயர் சிவப்புப் பூ விடும் பருத்தி வகைக்கும் வரும். பெயரில் பருத்தி இருப்பதில் குற்றம் ஒன்றுமில்லை, ஏனென்றால் பருத்தி, வெண்டை, பூவரசு, புளிச்சை எல்லாம் இதன் பங்காளிகள். பூவின் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் குழாயைப் பாருங்கள். மகரந்தத் தாள்கள் ஒன்றாக ஒட்டி அப்படி ஆகியிருக்கின்றன. வெண்டைப் பூவைப் பிரித்தால் அதே குழாய் குட்டையாக உள்ளே இருக்கும்.

கே: தலைக்கு எது நல்லது, பூவா இலையா? பூ போட்டுக் காய்ச்சிய எண்ணெய் முடியை வளர்க்குமா?

ப: அலசுவதற்கு இலைதான் என் கட்சி. முற்றாத இலை இரண்டு கைப்பிடி எடுத்துக் கழுவி, கொஞ்சம் தண்ணீரில் ஊறவைத்துக் கையாலேயே கசக்குங்கள். சற்று நேரத்தில் தண்ணீர் பச்சையாகி, விரலை எடுத்தால் நூல் விடும். அந்த வழவழப்புதான் சரக்கு. அது முடியின் மேல் மெல்லப் படிவதால் சீப்பு சிக்காமல் இறங்குகிறது. துணியில் வடிகட்ட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் இலைத் துணுக்குகளைப் பொறுக்கியே பொழுது போய்விடும். நிறைய எண்ணெய் வைத்த தலைக்கு இது மட்டும் போதாது.

எண்ணெய்க்கு வருவோம். செம்பருத்தியின் சிவப்பு தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. ஆகவே செம்பருத்தி எண்ணெய் என்று செக்கச்செவேல் என ஒன்றைக் கண்டால் அந்த நிறம் வேறெங்கோ இருந்து வந்தது, பெரும்பாலும் வேம்பாளம்பட்டையாக இருக்கும். வீட்டில் காய்ச்சினால் பூவை நன்றாக உலர்த்திப் போடுங்கள். ஈரப்பூ தெறிக்கும், எண்ணெயும் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும்.

முடி வளருமா என்றால், 2003இல் வெளியான ஓர் ஆய்வில் எலிகளின் மேல் பூச்சாறு, இலைச்சாறு இரண்டையும் தடவிப் பார்த்தார்கள். அதிலும் இலைதான் முந்தியது. ஆனால் எலியின் தோல் வேறு, நம் தலை வேறு. பளபளப்புக்கு நான் உத்தரவாதம் தருவேன், வழுக்கைக்குத் தர மாட்டேன்.

கே: செம்பருத்தி டீ ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்கிறார்களே, தொட்டிச் செடியில் பறித்துப் போடலாமா?

ப: இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். அந்தப் புளிப்பான சிவப்பு டீ வேறு செடி, புளிச்சை வகை. அதில் போடுவதும் இதழ் இல்லை. பூ உதிர்ந்த பிறகு காயைச் சுற்றித் தடித்து நிற்கும் சிவப்புப் புல்லிவட்டம். ரத்த அழுத்தம் ஓரளவு குறைந்ததாகச் சொல்லும் ஆய்வுகள் பெரும்பாலும் அதைப் பற்றியவை. நம் செம்பருத்தி இதழையும் சுடுநீரில் போட்டுக் குடிக்கலாம், தீங்கில்லை. அழகான நிறம், சுமாரான ருசி. ஏற்கெனவே அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் புளிச்சை டீயைத் தினமும் குடிக்கும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கே: கர்ப்பமாக இருக்கிறேன். பூவைச் சாப்பிடலாமா அக்கா?

ப: இப்போதைக்கு வேண்டாம்மா. பூவின் சாறு கருத்தரிப்பைத் தடுத்ததாக விலங்குச் சோதனைகள் உண்டு. தலைக்கு இலை தேய்ப்பதில் பிரச்சினை இல்லை.

கே: மகளின் அறிவியல் செயல்முறைக்குச் செம்பருத்திச் சாறு வேண்டுமாம். எப்படி எடுப்பது?

ப: கருஞ்சிவப்புப் பூவாக நாலைந்து எடுத்து, இதழை மட்டும் கிள்ளி, மூழ்கும் அளவு வெந்நீர் ஊற்றி மூடி வையுங்கள். ஆறியதும் வடிகட்டினால் வேலை முடிந்தது. எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டால் பளிச்சென்று ரோஜா நிறம் ஆகும். சமையல் சோடா கரைசல் விட்டால் பச்சை. வடிதாளை அந்தச் சாற்றில் நனைத்து நிழலில் உலர்த்தித் துண்டு போட்டுக்கொண்டால் பள்ளிக்கு எடுத்துப்போக வசதி. வெள்ளை, மஞ்சள் பூவை எடுத்தால் இந்த வேடிக்கை நடக்காது.

கே: மலேசியாவின் தேசியப் பூ இதுதானா?

ப: இதேதான். 1960 முதல். தென்கொரியாவில் போற்றுவது இதன் உறவுக்காரச் செடியை.

கே: அடுக்குச் செம்பருத்திக்கு மருந்துக் குணம் குறைவு என்பது உண்மையா?

ப: அடுக்கில் மகரந்தத் தாள்களே இதழாக மாறியிருக்கின்றன, அவ்வளவுதான். இலை கசக்க எதுவானாலும் சரி.

கே: மொட்டு நிறைய வைக்கிறது, எல்லாம் பழுத்து உதிர்கிறது. என்ன செய்யலாம்?

ப: முதலில் வெயில். நாளுக்கு ஐந்தாறு மணி நேரமாவது நேர் வெயில் படாவிட்டால் மொட்டைத் தாங்காது. அடுத்தது தண்ணீர். இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் குளமாக்கினாலும் உதிரும். இரண்டும் சரி என்றால், விழுந்த மொட்டு ஒன்றை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே பொடிப் புழு நெளிந்தால் அது மொட்டு ஈயின் வேலை. அந்தப் புழு மண்ணில் இறங்கித்தான் கூட்டுப்புழு ஆகும். அதனால் மருந்தைத் தேடும் முன் உதிர்ந்த மொட்டுகளை அன்றன்றே பொறுக்கி, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், செடியடியில் எருவாகட்டும் என்று விடாதீர்கள். மாவுப்பூச்சியும் இருந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டுச் சோப்புக் கரைசல் கலந்து மாலையில் இலையின் அடிப்பக்கமும் நனைய அடியுங்கள்.