வட்டிக்கு 2,800 இருக்கிறது, மாத்திரைக்கு 1,300 இல்லையா?

காரைக்குடியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். 71 வயது அப்பச்சிக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத் துடிப்பு தாளம் தப்பி ஓடுகிறது. ஒன்றரை வருடத்தில் மூன்று ஆஸ்பத்திரி பார்த்தாயிற்று. ஆத்தாவின் சங்கிலியையும் வளையலையும் கடைத்தெரு அடகுக்கடையில் வைத்து வாங்கிய 1,40,000 அப்படியே நிற்கிறது, 2 வட்டி. இப்போது சென்னையில் இருக்கும் அத்தான் இதய எம்.ஆர்.ஐ. எடுத்தே ஆக வேண்டும் என்கிறாராம். 'ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்துவிடலாமா?' என்பது கேள்வி.

வேண்டாம். சீட்டு அப்படியே ஓடட்டும்.

நீங்கள் அனுப்பிய படங்களில் அடகுச் சீட்டை விட மாத்திரை அட்டையைத்தான் அதிக நேரம் பார்த்தேன். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த அபிக்சபான், காலை ஒன்று இரவு ஒன்று. நீங்களோ, 'கை இறுக்கமாக இருந்த மாதங்களில் ஒரு வேளை மட்டும் கொடுத்தோம், நடுவில் 20 நாள் வாங்கவே இல்லை' என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த ஸ்கேனுக்குப் போய்விட்டீர்கள். தம்பி, உங்கள் பணம் ஒழுகும் ஓட்டை அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். 1,40,000க்கு 2 வட்டி என்றால் மாதம் 2,800. மாத்திரை மாதம் 1,300. மாத்திரைக்குக் காசில்லை என்று நிறுத்திய அதே மாதம் வட்டிக்கடைக்கு 2,800 கட்டியிருக்கிறீர்கள், அதுவும் முன்பு எடுத்த ஸ்கேன்களுக்காக.

இதில் இன்னொரு கூத்தும் இருக்கிறது. துடிப்பைச் சீராக்க ஷாக் கொடுப்பதற்கு முன்னால் குறைந்தது மூன்று வாரம் இந்த மாத்திரையை விடாமல் சாப்பிட்டிருக்க வேண்டும். விட்டிருந்தால், மறுபடி மூன்று வாரம் விடாமல் சாப்பிட்டுக் காத்திருக்காமல் ஷாக் கொடுப்பதற்கு, இதயத்தின் இடது மேல் அறையை ஒட்டிய சின்னப் பையில் ரத்தக்கட்டி இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். நெஞ்சுக்கு மேல் வைத்து எடுக்கும் சாதா எக்கோவில் (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) அந்த இடம் சரியாகத் தெரியாது, அதனால்தான் உணவுக்குழாய் வழியாகக் குழாய் விட்டு எடுக்கும் எக்கோவை டாக்டர் எழுதியிருக்கிறார். அதற்கு 8,000 கேட்பதாகப் புலம்பியிருக்கிறீர்கள். 20 நாள் மாத்திரையில் 900 ரூபாய் மிச்சம் பிடித்ததற்கு வந்த பில் அது. அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம், அதற்கு என்னால் கணக்குப் போட முடியாது. இந்த 8,000ஐ மட்டும் பேரம் பேசாமல் கட்டுங்கள்.

மற்றவற்றில் பாதி அநாவசியம். சாதா எக்கோவை ஆறு மாதத்துக்குள் மூன்று இடத்தில் எடுத்திருக்கிறீர்கள். மேல் அறை எவ்வளவு பெரிதாகியிருக்கிறது, வால்வு எப்படி, பம்ப் ஆகும் சதவீதம் என்ன என்பதெல்லாம் முதல் ரிப்போர்ட்டிலேயே இருக்கிறது. எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுபோய் முதலில் அதை நீட்டுங்கள். கால்சியம் ஸ்கோர் ஸ்கேன் பார்ப்பது ரத்தக்குழாயில் படிந்த சுண்ணாம்பை, துடிப்பின் தாளத்தை அல்ல. பேக்கேஜில் இருந்ததால் எடுத்தீர்கள், அவ்வளவுதான். எம்.ஆர்.ஐ.க்கும் வேலை உண்டு, இதயத் தசையில் தழும்பு இருக்கிறதா என்று சந்தேகம் வந்தாலோ, தாளம் தப்ப வைக்கும் இடத்தைக் குழாய் விட்டுக் கருக்கும் அப்லேஷன் செய்யத் திட்டமிட்டாலோ டாக்டரே கேட்பார். அத்தான் கேட்பதற்கெல்லாம் எடுக்க முடியாது. அவர் தவணையில் வாங்கச் சொன்ன 32,000 ரூபாய் வாட்ச், துடிப்பு தப்புகிறது என்றுதான் சொல்லும். அது உங்களுக்கு ஏற்கனவே தெரியும்.

ஏஜென்ட் காட்டும் புது மருத்துவக் காப்பீட்டுக்கும் அவசரப்பட வேண்டாம். ஏற்கனவே உள்ள நோய்க்கு மூன்று வருடம் வரை காக்க வைக்கலாம், பிரீமியம் மட்டும் இன்றிலிருந்தே ஓடும்.

சரி, கடன். நகையை மீட்டு வங்கியில் வையுங்கள். வருடத்துக்கு 10 சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும் மாதம் ஏறக்குறைய 1,170. மிச்சம் 1,630. மாத்திரை போக 330 கையில் நிற்கும், வருமானம் ஒரு ரூபாய் கூடாமலே. மீட்பதற்கு ஒரு நாள் கைமாத்து வேண்டும், அதை அத்தானிடம் கேளுங்கள். இத்தனை ஸ்கேனுக்கு வழி சொன்னவர் ஒரு நாளுக்குத் தரட்டும். தர மறுத்தால் அடுத்த முறை போனில் யோசனை சொல்லும்போது உங்களுக்குப் பதில் சொல்லச் சுலபமாக இருக்கும்.

மாத்திரையை மலிவாக வாங்க மக்கள் மருந்தகத்தில் விசாரியுங்கள், ஆனால் அட்டையில் அதே மருந்து, அதே மில்லிகிராம் இருக்கிறதா என்று டாக்டரிடம் காட்டிவிட்டு மாற்றுங்கள்.

அப்புறம், அடகுச் சீட்டில் வட்டித் தேதி 5 என்று இருக்கிறது. 4ஆம் தேதியே போய்விடுங்கள், 6 என்றால் இன்னொரு மாத வட்டியை எடுத்துக்கொள்வார்கள்.