உறைந்த மெரிங் போன்ற அந்த வெள்ளை இனிப்பின் பெயர் என்ன?

வாசகியின் கேள்வி: "2003ஆம் ஆண்டில் என் கணவரின் பணி நிமித்தமாகத் தென் பிரான்சில் சில மாதங்கள் தங்கியிருந்தோம். அவிஞ்ஞோன் நகருக்கு அருகே ஒரு சிறிய உணவகத்தில், இரவு உணவுக்குப் பின் வெள்ளை நிறத் துண்டு ஒன்றைச் சிவப்புப் பழச்சாறு சூழத் தட்டில் வைத்துத் தந்தார்கள். ஐஸ்கிரீம் போலச் சில்லென்றிருந்தது; ஆனால் அதன் கெட்டித்தன்மை இல்லை. தூத்துக்குடி மக்ரூனுக்கு அடித்த கலவையை அப்படியே உறைய வைத்தாற்போல் இருந்தது. உள்ளே பருப்பும் பழத்துண்டுகளும் அகப்பட்டன. பெயர் மறந்துவிட்டது. அது என்ன? வீட்டில் செய்ய முடியுமா?"

நீங்கள் சாப்பிட்டது பெரும்பாலும் 'நூகா கிளாசே'யாகத்தான் இருக்க வேண்டும். பெயர் நினைவில் இல்லாவிட்டாலும், மக்ரூன் கலவையோடு நீங்கள் செய்த ஒப்பீடே இதற்குப் போதுமான தடயம். தூத்துக்குடியில் முட்டையின் வெள்ளைக்கருவைச் சர்க்கரையுடன் நுரைக்க அடித்து, முந்திரித் தூளைக் கலந்து, மிதமான சூட்டில் உலர வைக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்களின் மெரிங்கும் அதே நுரைதான். அந்த நுரையைச் சூட்டில் உலர்த்தாமல் குளிரில் உறைய வைத்தால் எப்படி இருக்கும் என்பதை உங்கள் நாக்கு சரியாகவே பதிந்து வைத்திருக்கிறது.

மெரிங்கும் குளிரும் சேரும் இனிப்புகள் ஐரோப்பாவில் பல உண்டு என்பதால், மற்றவற்றை ஏன் விலக்குகிறேன் என்பதையும் சொல்ல வேண்டும். வஷரான் என்பதில் சுட்ட மெரிங் ஓடுகளுக்கு இடையே ஐஸ்கிரீம் இருக்கும். பல்லில் நொறுங்கும் அந்த ஓட்டை யாரும் மறக்க மாட்டார்கள், நீங்களோ நொறுங்கியதாகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் 'பேக்டு அலாஸ்கா' என்றும் பிரான்சில் 'ஓம்லெட் நோர்வேஜியன்' என்றும் வழங்கும் இனிப்பில், ஐஸ்கிரீமைப் போர்த்திய மெரிங்கின் மேற்புறம் பொன்னிறமாகச் சிவந்திருக்கும். உங்கள் துண்டு முழுவதும் வெண்மையாக இருந்திருக்கிறது. குளிர் சூஃப்லே கிண்ணத்தோடு வருமே தவிரத் துண்டாக வராது. குழப்பத்துக்கு இடம் தருவது இத்தாலியின் செமிஃப்ரெடோ ஒன்றுதான், ஏனெனில் அதையும் நீள அச்சில் உறைய வைத்துத் துண்டு போடுவார்கள். ஆனால் அதில் வழக்கமாக மஞ்சள் கருவும் சேர்வதால் வெளிர் மஞ்சள் நிறம் தெரியும்.

இடமும் பொருந்துகிறது. அவிஞ்ஞோனுக்கு வடக்கே ஏறத்தாழ 80 கி.மீ. தொலைவில் உள்ள மோந்தேலிமார், நூகா மிட்டாய்க்குப் பெயர் பெற்ற ஊர். தேன், சர்க்கரை, வெள்ளைக்கரு, பாதாம் ஆகியவற்றால் செய்யப்படும் அந்த வெள்ளை மிட்டாய், புரோவான்ஸ் பகுதியில் கிறிஸ்துமஸ் இரவில் பரிமாறும் பதின்மூன்று இனிப்புகளில் ஒன்று. அதே பொருள்களோடு அடித்த பாலேட்டை (கிரீமை)ச் சேர்த்து உறைய வைத்தால் நூகா கிளாசே. சுற்றிலும் ஊற்றிய சிவப்புச் சாறு ராஸ்பெரியாக இருந்திருக்கும். தேனின் தித்திப்பைச் சமன்செய்ய அந்தப் புளிப்பு தேவை.

இது ஐஸ்கிரீம் போல இறுகாமைக்குக் காரணம் உண்டு. ஐஸ்கிரீமை இயந்திரத்தில் கடைந்துகொண்டே உறைய வைப்பதால் அதனுள் காற்று புகுகிறது. நூகா கிளாசேயில் அந்தக் காற்று முட்டை நுரையிலும் பாலேட்டிலும் முன்னதாகவே அடைபட்டிருப்பதால் கடைய வேண்டியதே இல்லை. தேனின் பங்கும் பெரிது. தேனிலுள்ள சர்க்கரையின் பெரும்பகுதி ஃபிரக்டோஸும் குளுக்கோஸுமாக இருக்கிறது. இவை சாதாரண சர்க்கரையைவிடச் சிறிய மூலக்கூறுகள் என்பதால், ஒரே எடைக்கு எண்ணிக்கையில் மிகுந்து, நீரின் உறைநிலையை மேலும் தாழ்த்துகின்றன. ஆகவே வீட்டு உறைவிப்பானின் மைனஸ் 18 டிகிரியிலும் கத்தி தடையின்றி இறங்கும்.

வீட்டில் தாராளமாகச் செய்யலாம். முதலில் 100 கிராம் பாதாமை வறுத்து, 50 கிராம் சர்க்கரையைப் பொன்னிறமாக உருக்கி அதில் புரட்டி, ஆறியபின் கரகரப்பாக உடைத்துக்கொள்ளுங்கள். 100 கிராம் தேன், 50 கிராம் சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீர் மூன்றையும் அடுப்பில் ஏற்றி 118 முதல் 120 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்ச வேண்டும். வெப்பமானி இல்லையென்றால், ஒரு சொட்டுப் பாகைக் குளிர்ந்த நீரில் விட்டு, விரலால் மெத்தென்று உருட்ட வருகிறதா என்று பாருங்கள். தேன் சட்டென்று பொங்கி வழியும் என்பதால் ஆழமான பாத்திரத்தையே எடுங்கள். நான் ஒருமுறை சிறிய பாத்திரத்தில் வைத்து அடுப்பு முழுவதையும் துடைக்க நேர்ந்தது. இதற்கிடையே மூன்று முட்டைகளின் வெள்ளைக்கருவை மென்மையான நுரையாக அடித்து, அடிப்பதை நிறுத்தாமல் சூடான பாகை மெல்லிய தாரையாக ஊற்றி, கலவை பளபளப்பாகி முற்றிலும் ஆறும்வரை அடிக்க வேண்டும். இங்கே அவசரப்படாதீர்கள்: சூடு மீந்திருந்தால் அடுத்துச் சேர்க்கும் பாலேடு உருகி, எல்லாம் தண்ணீராகிவிடும்.

நம் ஊரில் பலருக்கு இது தவறுவது பாலேட்டில்தான். கடைகளில் சிறு அட்டைப்பெட்டியில் கிடைக்கும் 25 விழுக்காடு கொழுப்புள்ள ஃபிரெஷ் கிரீம் எவ்வளவு அடித்தாலும் உறுதியாக நிற்காது. 35 விழுக்காட்டை ஒட்டிய கொழுப்புள்ள, பாலில் செய்த விப்பிங் கிரீம் 300 மி.லி. வாங்குங்கள். கேக் அலங்காரத்துக்கு விற்கும் தாவரக் கொழுப்புக் கிரீம் எளிதில் நிற்கும் என்றாலும், பெரும்பாலும் சர்க்கரை சேர்ந்தே வருவதோடு, வாயில் மெழுகு படிந்தாற்போல் ஆக்கித் தேனின் மணத்தை மறைத்துவிடும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. நன்கு குளிர்ந்த கிரீமை மென்மையாக அடித்து, மெரிங்கோடு அடியிலிருந்து மேலாகப் புரட்டிக் கலந்து, பாதாம், 30 கிராம் பிஸ்தா, சர்க்கரைப் பாகில் ஊறிய ஆரஞ்சுத் தோல் 60 கிராம் ஆகியவற்றைச் சேருங்கள். டூட்டி ஃப்ரூட்டி போட்டால் சாயம் இறங்கி வெண்மை கெடும். ஒன்றரை லிட்டர் கொள்ளும் நீள அச்சில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் (கிளிங் ஃபிலிம்) விரித்து நிரப்பி, ஓர் இரவு முழுவதும் உறைய விடுங்கள்.

சூடான பாகு வெள்ளைக்கருவை ஓரளவு வேக வைக்கிறதே தவிர, கிருமிகள் அனைத்தையும் அழித்துவிடும் என்று உறுதி சொல்ல முடியாது. கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியோர் உண்பதாக இருந்தால், பாஸ்டர் முறையில் பதப்படுத்திய வெள்ளைக்கருவைப் பயன்படுத்துங்கள்.

ராஸ்பெரிக்குப் பதிலாக, புளிப்புள்ள ஸ்ட்ராபெரியைச் சிறிது சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் விட்டு அரைத்து வடிகட்டினால் போதும். வெந்நீரில் நனைத்துத் துடைத்த கத்தியால் இரண்டு விரல் தடிமனுக்கு வெட்டி, தட்டில் ஐந்து நிமிடம் வைத்திருந்து, அதன்பின் சாற்றை ஊற்றிக் கொடுங்கள். நன்றாக மூடி வைத்தால் உறைவிப்பானில் இரண்டு வாரம் வரை சுவை மாறாதிருக்கும். அதற்கு மேல் வைத்தால் பாதாமின் மொறுமொறுப்புப் போய்விடும்.