டீசல் என்றால் தரமா? ஓய்வுக்காலத்தில் மோட்டார்ஹோம் வாங்க நினைக்கும் தம்பதிக்கு

கேள்வி: எனக்கு வயது 67, மனைவிக்கு 64. டெக்சாஸில், டாலஸ் அருகே இருக்கிறோம். வீட்டுக் கடன் முடிந்துவிட்டது. ஐ.ஆர்.ஏ.வில் (ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு, எடுக்கும்போது வரி உண்டு) 10.5 லட்சம் டாலர், வெளியே பங்கு, ஃபண்ட் என்று 1.8 லட்சம் டாலர் இருக்கின்றன. சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதியம்) இருவருக்கும் சேர்த்து ஆண்டுக்கு 52,000 வருகிறது. வருடத்தில் நான்கு மாதம் மோட்டார்ஹோமில் ஊர் சுற்ற ஆசை. மகள் சியாட்டிலில் இருக்கிறாள். கொலராடோ வழியாகப் போய் பேரனைப் பார்த்துவிட்டு வர வேண்டும், பின்னால் ஒரு சிறிய காரையும் இழுத்துப்போக வேண்டும். புதிய சொகுசு கேஸ் (பெட்ரோல்) வண்டி 2.4 லட்சம், புதிய டீசல் புஷர் (பின்பக்கம் டீசல் எஞ்சின் உள்ள வண்டி) 4.2 லட்சம் சொல்கிறார்கள். "டீசல்தான் குவாலிட்டி, கேஸ் வண்டி நாலு வருஷத்தில் ஆட்டம் கண்டுவிடும்" என்கிறார் டீலர். 1.2 லட்சம் முன்பணம், மீதிக்கு 8 சதவீதத்தில் 20 வருடக் கடன், வட்டிக்கு வரிச்சலுகையும் உண்டு என்கிறார். அல்லது முழுப் பணத்தையும் ஐ.ஆர்.ஏ.விலிருந்தே எடுத்துவிடலாமா? எனக்கு முதுகுவலி உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்: கடைசி வரியில் முதுகுவலியை எழுதினீர்களே, நல்லவேளை. என் பதிலின் பாதி அதைப் பொறுத்தே இருக்கிறது.

மோட்டார்ஹோம் என்பது இரண்டு பொருள். கீழே ஒரு லாரி, மேலே ஒரு வீடு. டீலர் சொல்லும் "குவாலிட்டி" இந்த இரண்டில் எதற்கு என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

லாரியிலிருந்து தொடங்குவோம். இன்று விற்கும் பெரிய கேஸ் வண்டிகள் ஏறக்குறைய எல்லாமே ஃபோர்டின் எஃப்-53 சேஸிஸ் (எஞ்சினும் சக்கரமும் உள்ள அடிச்சட்டம்) மேல் கட்டப்பட்டவை. 7.3 லிட்டர் வி8 எஞ்சின், சுமார் 350 குதிரைத்திறன், 468 பவுண்டு-அடி டார்க் (முறுக்குவிசை, அதாவது இழுக்கும் பலம்). எஞ்சின் உங்கள் இருவரின் இருக்கைகளுக்கும் நடுவில், ஒரு மூடிக்கு அடியில் இருக்கும். உங்கள் விலையில் வரும் டீசல் புஷரில் பெரும்பாலும் 6.7 லிட்டர் கம்மின்ஸ் எஞ்சினும் ஆலிசன் கியர்பாக்ஸும் இருக்கும். 360 குதிரைத்திறன், 800 பவுண்டு-அடி. குதிரைத்திறனில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். டார்க் மட்டும் ஒன்றே முக்கால் மடங்கு, அதுவும் எஞ்சின் கத்தாமல் குறைந்த சுழற்சியிலேயே கிடைக்கும்.

சமவெளியில் இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. கொலராடோவில் ஐ-70 சாலையில் ஐசன்ஹோவர் சுரங்கத்துக்கு ஏறும்போது தெரியும். அது 11,000 அடிக்கு மேல். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் ஏறத்தாழ 3 சதவீத சக்தியை இழக்கும். உச்சியில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். டர்போ டீசலுக்கு அந்தச் சிக்கல் மிகக் குறைவு. நான் ஒரு முறை வாடகை கேஸ் வண்டியில் மலை ஏறியபோது, பக்கத்தில் இருந்த மனைவியிடம் ஒரு வார்த்தை பேச முடியவில்லை, அவ்வளவு இரைச்சல். டீசல் புஷரில் எஞ்சின் பின்கோடியில் இருக்கிறது, ஓட்டுபவர் காதுக்கு அது எட்டுவதே இல்லை. இறங்கும்போது எக்ஸாஸ்ட் பிரேக் வண்டியைப் பிடித்துக்கொள்ளும், காலால் மிதித்துக்கொண்டே வர வேண்டியதில்லை. கேஸ் வண்டியும் கியரைக் குறைத்து வேகத்தைக் கட்டுப்படுத்தும். ஆனால் பின்னால் ஒரு காரும் இருக்கும்போது அது போதும் என்று நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

அடுத்தது சஸ்பென்ஷன். டீசல் புஷரில் காற்றுப்பைகள், எஃப்-53-இல் இரும்புப் பட்டை ஸ்பிரிங். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் உட்கார்ந்து வரும் முதுகுக்கு இது சின்ன விஷயமே இல்லை. ஆக, லாரியைப் பொறுத்தவரை டீலர் சொன்னது சரி.

மேலே உள்ள வீட்டுக்கு வாருங்கள். இங்கே எரிபொருளுக்கும் தரத்துக்கும் நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது. இரண்டு வகையையும் கட்டும் கம்பெனிகள் பல உண்டு: இண்டியானாவின் நியூமர், அலபாமாவின் டிஃபின் போல. விலை கூடக் கூட டீசல் வரிசையில் கெட்டி மர அலமாரி, இரட்டைக் கண்ணாடி ஜன்னல், சுடுநீரால் வீட்டைச் சூடாக்கும் முறை, பெரிய தண்ணீர்த் தொட்டி எல்லாம் வருகின்றன. அவை டீசலால் வருவதில்லை, விலையால் வருகின்றன. கேஸ் வண்டியிலும் இன்று முழு பெயிண்ட், கல் மேடை, பெரிய ஃபிரிட்ஜ் கிடைக்கின்றன.

ஆனால் "சொகுசு கேஸ்" என்ற பெயரிலேயே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. எஃப்-53 தாங்கக்கூடிய அதிகபட்ச எடை 26,000 பவுண்டு. கல் மேடையும் இன்னொரு ஸ்லைடு அவுட்டும் (நிறுத்தியபின் வெளியே நீளும் அறைப்பகுதி) ஏற ஏற, அந்த 26,000-இல் உங்களுக்கு மிஞ்சும் பங்கு குறைந்துகொண்டே போகிறது. அதில்தான் நீங்கள் இருவரும், துணிமணி, பாத்திரம், மளிகை, தண்ணீர் எல்லாம் அடங்க வேண்டும். தண்ணீர் ஒரு கேலன் 8.3 பவுண்டு; 75 கேலன் நிரப்பினாலே 620 பவுண்டு போயிற்று. வாசலுக்கு அருகே ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். ஷோரூமில் நீங்கள் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான். எளிய கேஸ் வண்டியைவிடச் சொகுசான கேஸ் வண்டியில் அந்த எண் சிறியதாக இருந்தால், அதிகப் பணம் கொடுத்துக் குறைந்த வண்டி வாங்குகிறீர்கள் என்று அர்த்தம். டீசலிலும் இதைப் பார்க்காமல் விடாதீர்கள். அங்கேயும் இடிக்கும் மாடல்கள் உண்டு.

"நாலு வருஷத்தில் ஆட்டம் காணும்" என்பது எஞ்சினைப் பற்றிய பேச்சு என்றால், நான் ஏற்க மாட்டேன். நீங்கள் ஆண்டுக்கு 6,000 மைல் ஓட்டினால் அதிகம். 10 வருடத்தில் 60,000 மைல். எந்த எஞ்சினும் அதற்குச் சாகாது. மோட்டார்ஹோமை அழிப்பது கூரை இணைப்பிலும் ஸ்லைடு அவுட் ஓரத்திலும் புகும் மழைத்தண்ணீர். சுவர் உப்பும், தரை மெத்தென்று அமுங்கும். அது கேஸ் டீசல் பார்த்து வராது. வருடத்துக்கு இரண்டு முறை ஏணி வைத்துக் கூரையைப் பார்க்கிறவர் வீட்டுக்கு வராது.

இனி பணம்.

டீசல் மைலேஜ் கூடத் தரும் என்பது உண்மை. கணக்குப் போட்டால் கையில் ஒன்றும் நிற்காது. கேஸ் ஒரு கேலனுக்கு 7.5 மைல், டீசல் 8.5 மைல் என்று வையுங்கள். 6,000 மைலுக்கு 800 கேலன் பெட்ரோல், அல்லது 706 கேலன் டீசல். பெட்ரோல் 3.10, டீசல் 3.70 என்றால் 2,480 டாலருக்கு எதிரே 2,612 டாலர். மிச்சம் இல்லை. பராமரிப்பும் டீசலுக்குத்தான் அதிகம்: ஆயில் பல கேலன், இரண்டு மூன்று ஃபில்டர், ஏர் டிரையர், புகையைச் சுத்தப்படுத்தும் டி.இ.எஃப். திரவம், டீசல் ஜெனரேட்டர் சர்வீஸ். ஆண்டுக்கு 2,500 டாலர் தனியாக வைக்கச் சொல்வேன்.

இப்போது டீலரின் கடன். 3 லட்சம் டாலர், 8 சதவீதம், 20 வருடம். மாதத் தவணை 2,509 டாலர். ஐந்து வருடத்தில் நீங்கள் கட்டியிருப்பது ஒன்றரை லட்சத்துக்கு மேல். அப்போதும் பாக்கி 2,62,500 டாலர். அந்த ஐந்து வருடத்தில் வண்டியின் விலை அதைவிட வேகமாக இறங்கியிருக்கும். உடம்புக்கு முடியாமல் விற்க நேர்ந்தால், விற்ற பணத்துக்கு மேல் கையிலிருந்து கொடுத்துத்தான் கடனிலிருந்து வெளியே வர வேண்டிவரலாம். கடைசித் தவணை கட்டும்போது உங்களுக்கு வயது 87. இந்த ஒரு வரியைத் தயவுசெய்து மனைவியோடு உட்கார்ந்து இன்னொரு தடவை படியுங்கள்.

தவணை ஆண்டுக்கு 30,100. இன்ஷூரன்ஸ், பராமரிப்பு, டயர், நிறுத்துமிட வாடகை, டீசல் எல்லாம் ஏறத்தாழ 12,000. ஆக 42,000 டாலர். 120 இரவுகளுக்குப் பிரித்தால் ஓர் இரவுக்கு 350 டாலர், முகாம் கட்டணம் தனி, போட்ட முன்பணமும் இதில் சேரவில்லை. முன்பணம் எடுத்தபின் ஐ.ஆர்.ஏ.வில் மிஞ்சும் 9.3 லட்சத்தில் ஆண்டுக்கு 4 சதவீதம் எடுத்தால் 37,200. சோஷியல் செக்யூரிட்டியோடு சேர்த்து 89,200, அதுவும் வரிக்கு முன்பு. அதில் கிட்டத்தட்ட பாதியை ஒரு வண்டி தின்றுவிடும். நான் சம்மதிக்க மாட்டேன்.

வரிச்சலுகை பற்றி டீலர் சொன்னது அரைகுறை. படுக்கை, சமையல், கழிப்பறை மூன்றும் இருந்தால் மோட்டார்ஹோம் இரண்டாவது வீடாகக் கணக்கில் வரும், வட்டியைக் கழிக்கலாம் என்பது சரிதான். ஆனால் தானாகக் கிடைக்கும் நிலையான கழிவை விட்டுவிட்டு, செலவுகளைத் தனித்தனியாகக் காட்டினால்தான் அது கிடைக்கும். 2025-இல் உங்கள் இருவருக்குமான நிலையான கழிவு 31,500. உங்களுக்கு 65 தாண்டியதால் இன்னும் 1,600. முதல் வருட வட்டி சுமார் 23,750. வீட்டு வரி 8,000 என்று வைத்தால் இரண்டும் சேர்ந்தும் 33,100-ஐத் தொடவில்லை. வாங்கிய ஆண்டில் மட்டும் விற்பனை வரியையும் சேர்த்துக் காட்டலாம், டெக்சாஸின் 6.25 சதவீதத்தில் அது 26,250 டாலர், அந்த ஒரு வருடம் கொஞ்சம் பலன் தெரியும். பிறகு வட்டி குறையக் குறைய ஒன்றும் இருக்காது. 2025-இல் வந்த புதிய கார் கடன் வட்டிக் கழிவு 14,000 பவுண்டுக்குக் குறைவான வண்டிகளுக்கு மட்டும், இதற்குப் பொருந்தாது.

முழுப் பணத்தையும் ஐ.ஆர்.ஏ.விலிருந்து ஒரே வருடத்தில் எடுப்பது இன்னும் மோசம். விற்பனை வரியோடு 4,46,000 டாலர் உங்கள் வருமானத்தில் ஏறி, மேல்பகுதி 32 சதவீத அடுக்கில் போய் விழும். அந்த வரியைக் கட்டவும் ஐ.ஆர்.ஏ.விலிருந்துதான் எடுப்பீர்கள், அதற்கும் வரி. இரண்டு வருடம் கழித்து மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பிரீமியமும் ஏறும். அப்போது உங்கள் மனைவியும் மெடிகேரில் இருப்பார். 2025-இல் தம்பதிக்குப் பிரீமியம் ஏறத் தொடங்கிய முதல் எல்லை 2,12,000 டாலர் வருமானம்.

என் யோசனை: புதிய டீசல் வேண்டாம், ஆறேழு வருடம் ஓடிய டீசல் புஷரைப் பாருங்கள். பெரிய விலைச்சரிவை முதல் உரிமையாளர் ஏற்றுக்கொண்டிருப்பார். ஏர் சஸ்பென்ஷனும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் அப்படியே உங்களுக்குக் கிடைக்கும். 1.7 லட்சத்துக்கு மேல் போகாதீர்கள். ஒரு லட்சத்தை வெளியே உள்ள முதலீட்டிலிருந்து எடுங்கள். நீண்டகால லாபத்துக்கு வரி குறைவு. மீதியை ஐ.ஆர்.ஏ.விலிருந்து பாதி டிசம்பரில், பாதி ஜனவரியில் எடுங்கள், இரண்டு வரி ஆண்டுகளாகப் பிரிந்துவிடும். கடன் வேண்டாம். 20,000 டாலர் பழுதுபார்க்க என்று தனிக் கணக்கில் போட்டுவையுங்கள். பழைய டீசல் என்றைக்காவது ஒரு பெரிய பில் நீட்டும், அது வரும்போது அழக் கூடாது.

வாங்குமுன் தனி இன்ஸ்பெக்டர் ஒருவரைக் காசு கொடுத்து அமர்த்துங்கள், விற்பவர் சொல்லும் ஆளை அல்ல. எஞ்சின், கியர்பாக்ஸ், ஜெனரேட்டர் மூன்றின் ஆயிலையும் சோதனைக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். டயரின் பக்கவாட்டில் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும்: 2319 என்றால் 2019-இன் 23-வது வாரம். ஆறேழு வயதான டயர் பளபளவென்று இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். ஆறு டயர், ஒன்று 600 டாலர் என்றால் 3,600. அதை விலையில் குறைத்துக் கேளுங்கள்.

இன்னொன்று, உரிமம். டெக்சாஸில் 26,000 பவுண்டுக்கு மேற்பட்ட வண்டிக்கு, வணிக ஓட்டுநர் உரிமம் தேவையில்லாவிட்டாலும், கிளாஸ் பி உரிமம் வேண்டும். டீசல் புஷர் பெரும்பாலும் அந்த எல்லையைத் தாண்டும். அந்தப் பரீட்சையை உங்கள் மனைவியும் எழுத வேண்டும் என்பது என் வேண்டுகோள். ஐடஹோவில் எங்கோ ஒரு மலைச்சாலையில் உங்களுக்கு முதுகு பிடித்துக்கொண்டால், வண்டியை அவர்தான் ஓட்டி வர வேண்டும். அவருக்கு அதில் மனம் ஒப்பவில்லை என்றால், இந்தத் திட்டத்தையே சிறிதாக்குங்கள். 26,000-க்குள் இருக்கும், நான்கைந்து வருடப் பழைய, அதிக அலங்காரம் இல்லாத கேஸ் வண்டி வாங்கி, சியாட்டிலுக்கு மலையைச் சுற்றி மெதுவாகப் போங்கள். அதுவும் நல்ல வாழ்க்கைதான், செலவும் பாதி.

எதை வாங்குவதற்கு முன்பும், ஒரு வாரம் கேஸ், ஒரு வாரம் டீசல் என்று வாடகைக்கு எடுத்து, பின்னால் கார் இல்லாமல், ஒரு மலையாவது ஏறி இறங்குங்கள். வாடகைக்குச் சில ஆயிரம் டாலர் போகும், போகட்டும். திரும்பி வந்ததும் நீங்கள் பார்த்துவைத்த வண்டியின் மஞ்சள் ஸ்டிக்கரில் உள்ள எடையையும் டயர் தேதியையும் எனக்கு எழுதுங்கள். அந்த எண்களை வைத்துக் கணக்கை மறுபடி போட்டுத் தருகிறேன்.