வாசகர் கேள்வி – பதில்: பெரிய மீன் கிடைக்கிறது, குஞ்சு எங்கே?

திருகோணமலை மாவட்டத்தின் தூண்டிற்காரர்களிடமிருந்து கடந்த சில வாரங்களில் வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே கவலையைச் சுற்றியே எழுதப்பட்டிருந்தமையால், இம்முறை இப்பகுதியை முழுவதும் அவர்களுக்கே ஒதுக்கியுள்ளோம்.

கேள்வி: என் தம்பி அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் இருக்கிறார். அங்கே கரையோரத் தூண்டிற்காரர்களின் உயிர்மூச்சான ஸ்ட்ரைப்ட் பாஸ் என்ற மீன் குறைந்து போய்விட்டதாக எல்லோரும் அஞ்சுகிறார்கள் என்கிறார். ஆனால் அவர் அனுப்பும் படங்களிலோ ஒரு மீற்றர் நீளமுள்ள மீனைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறார். எதை நம்புவது?
– வாசகர், உப்புவெளி

பதில்: இரண்டையும் நம்பலாம். உங்கள் தம்பியின் படமும் உண்மை, அங்குள்ளோரின் அச்சமும் உண்மை. அந்த மீனின் வயதைக் கணக்கிட்டுப் பார்த்தால் இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடிகிறது என்பது விளங்கும்.

உடலின் பக்கவாட்டில் கருங்கோடுகள் ஓடும் இந்த மீன், வட அமெரிக்காவின் அத்திலாந்திக் கரையோரமாக வலசை போவது. கடலில் வாழ்ந்தாலும் வசந்த காலத்தில் ஆறுகளில் ஏறிச் சென்று நன்னீரில் முட்டையிடும். செசபீக் குடாவில் வந்து விழும் ஆறுகளும், ஹட்சன், டெலவெயர் ஆறுகளும் இதன் முக்கியமான பிறப்பிடங்கள். அவற்றுள்ளும் பெரும்பங்கு செசபீக்கினுடையது. முட்டைகள் நீரோட்டத்தில் மிதந்துகொண்டே இரண்டு நாளளவில் பொரிக்க வேண்டும். ஓட்டம் போதாவிட்டால் அவை அடியில் படிந்து அழியும். குளிர்காலம் இளஞ்சூடாகக் கழிந்து வசந்தத்தில் ஆற்றுநீரும் குறைந்துவிட்ட ஆண்டுகளில், எத்தனை தாய்மீன்கள் வந்து முட்டையிட்டாலும் பிழைக்கும் குஞ்சுகள் மிகச் சிலவே.

இதை அறிய, செசபீக் குடாவையொட்டிய மேரிலண்ட் மாநிலத்தில் 1954ஆம் ஆண்டு முதல் ஒரு வேலை இடைவிடாமல் நடந்து வருகிறது. ஒவ்வொரு கோடையிலும் குறித்த 22 இடங்களில் ஏறத்தாழ 30 மீற்றர் நீளமான சிறு வலையைக் கரையிலிருந்து வளைத்து இழுத்து, அவ்வாண்டு பிறந்த குஞ்சுகள் எத்தனை அகப்படுகின்றன என்று எண்ணுகிறார்கள். ஓர் இழுப்புக்குக் கிடைக்கும் எண்ணிக்கையின் நீண்டகாலச் சராசரி ஏறக்குறைய 11. 2011இல் அது 34ஐத் தாண்டியது. 2015இலும் 20க்கு மேல் நின்றது. 2023இல் வெறும் 1. 2024இல் 2. 2019 தொடங்கி 2025 வரை ஏழு ஆண்டுகளும் சராசரிக்குக் கீழேயே கழிந்துவிட்டன.

உங்கள் தம்பியின் கையிலிருக்கும் ஒரு மீற்றர் மீனுக்குப் பெரும்பாலும் பத்து வயதுக்கு மேல் இருக்கும். அதாவது, அந்த நல்ல ஆண்டுகளில் பிறந்தவற்றுள் ஒன்று. மேல் வகுப்புகள் நிறைந்திருக்க, முதலாம் வகுப்பில் சேரப் பிள்ளைகள் இல்லாத பள்ளிக்கூடத்தின் நிலை அது. பெரிய மீன் தொடர்ந்து கிடைப்பதைக் கண்டு கடல் செழிப்பாக இருக்கிறது என்று மகிழ்வோர் எல்லாக் கரைகளிலும் உண்டு. நான் அஞ்சுவது அந்த மகிழ்ச்சியைத்தான். சிறியவை தூண்டிலுக்கு வந்து தொல்லை தரும் ஆண்டே உண்மையில் நல்ல ஆண்டு.

இன்னொன்றையும் அவரிடம் சொல்லுங்கள். இந்த மீன் முன்பும் ஒரு முறை வீழ்ந்து எழுந்திருக்கிறது. 1970களின் பிற்பகுதியில் தொடங்கிய சரிவையடுத்து 1984இல் அமெரிக்க காங்கிரஸ் இதற்கெனவே ஒரு சட்டம் இயற்றியது. 1985 முதல் 1990 வரை மேரிலண்டில் இதைப் பிடிப்பது முற்றாகத் தடைசெய்யப்பட்டிருந்தது. மற்ற மாநிலங்களில், 1982இல் பிறந்த மீன்கள் ஒரு தடவையாவது முட்டையிடும்வரை அவை பிடிபடாதவாறு குறைந்தபட்ச அளவை ஆண்டுக்காண்டு உயர்த்திக்கொண்டே போனார்கள். குஞ்சுக் கணக்கின் மூன்றாண்டுச் சராசரி 8ஐத் தொட்ட பின்னரே தடை தளர்ந்தது. 1995இல் மீன் மீண்டுவிட்டதாக அறிவிக்கப்பட்டது. இப்போதைய சரிவு அதற்குப் பிறகு வந்தது. மீண்டும் மிகையாகப் பிடிக்கப்பட்டு இருப்புக் குறைந்துவிட்டது என 2019இல் வெளியான மதிப்பீடு கூறியது; 2029க்குள் மீட்டெடுப்பது இலக்கு.

கேள்வி: கிண்ணியாப் பாலத்தடியிலும் உப்பாற்றிலும் முன்பு கிடைத்த அளவு கொடுவா இப்போது கிடைப்பதில்லை. அமெரிக்காவில் நடப்பதுதான் இங்கும் நடக்கிறதா?
– வாசகர், கிண்ணியா

பதில்: விளைவு ஒன்றுபோலத் தோன்றினாலும் இரு மீன்களின் வாழ்க்கையும் தலைகீழானவை. ஸ்ட்ரைப்ட் பாஸ் முட்டையிட ஆற்றில் ஏறுகிறது. கொடுவாவோ முட்டையிட ஆற்றிலிருந்தும் களப்பிலிருந்தும் உவர்நீருள்ள கழிமுகத்துக்கு இறங்கி வருகிறது. பிறந்த குஞ்சுகள் கண்டற்காடுகளுக்குள்ளும் களப்புகளின் ஓரங்களிலும், மழை பெய்து நீர் நிறையும் தாழ்நிலங்களிலும் புகுந்து வளரும். ஆகவே நமது கொடுவாவின் தொட்டில்கள் என்று சொல்லத்தக்க இடங்கள் கொட்டியாரக்குடாவின் கழிமுகங்களும், தம்பலகாமக்குடாவின் கரைகளும், இறக்கக்கண்டி போன்ற களப்புகளுமே. அங்கே கண்டல் வெட்டப்பட்டு மண் நிரப்பப்படும் ஒவ்வொரு துண்டு நிலமும் ஒரு தொகுதிக் குஞ்சுகளின் ஒளிவிடத்தை இல்லாமற் செய்கிறது.

ஆனால் ஒரு விடயத்தில் இரண்டும் ஒன்றே: இரண்டும் ஆற்றுநீரை நம்பியிருப்பவை. அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்திலுள்ள ஃபிட்ஸ்ரோய் ஆற்றில் கொடுவாவின் வயதை ஆராய்ந்தவர்கள், ஆற்றில் நன்னீர் நிறைந்து ஓடிய ஆண்டுகளில் பிறந்த தொகுதிகள் வலுவாக இருந்ததைக் கண்டிருக்கிறார்கள். நமது மகாவலி கொட்டியாரக்குடாவில்தான் கடலைச் சேர்கிறது. 1976இல் பொல்கொல்லையில் நீர் திருப்பப்பட்டது முதல், விக்டோரியா, ரந்தெனிகல, அண்மையில் மொரகஹகந்த வரை அணைகளும் திருப்பங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்திருக்கின்றன. வயலுக்கும் மின்சாரத்துக்கும் அந்த நீர் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. நானும் தம்பலகாமத்துச் சோறு உண்பவன்தான். ஆயினும் மேலே தேங்கும் நீரின் விலையில் ஒரு பங்கைக் கழிமுகத்தில் தொழில் செய்பவர்கள் கொடுக்கிறார்கள் என்பதைக் கணக்கில் எடுத்துப் பேசுவோர் அரிது.

வலைகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. களப்பு வாயை மறித்துக் கட்டப்படும் சிறுகண் வலை, தடைசெய்யப்பட்ட பின்னரும் கைவிடப்படாத தங்கூசி வலை, கரைக்கு மிக அண்மையில் வளைக்கப்படும் சுருக்குவலை, எல்லாவற்றுக்கும் மேலாக டைனமைற். வெடிபொருள் கொண்டு மீன்பிடிப்பதை 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளச் சட்டம் தடை செய்கிறது. வெடியில் இறப்பவற்றுட் பல அடியில் தாழ்ந்து எவருக்கும் பயனின்றிப் போகின்றன. அவற்றோடு குஞ்சும் கடலடிப் பாரும் சேர்ந்தே அழிகின்றன.

போர்க்காலத்தில் இரவுத் தொழிலுக்கும் கடல் எல்லைகளுக்கும் விதிக்கப்பட்டிருந்த தடைகள் மக்களை வாட்டியவை. அவை மீண்டும் வரவேண்டும் என்று எவரும் விரும்பமாட்டார்கள். எனினும் அக்காலத்தில் மீனுக்கு ஓரளவு ஓய்வு கிடைத்தது. 2009க்குப் பிறகு படகுகளும் வலைகளும் இயந்திரங்களும் பெருகின. அந்த ஓய்வின் பின்னர் கிடைத்த முதற் சில ஆண்டுகளின் வரத்தை இயல்பான அளவு என்று எண்ணிக்கொண்டு இன்றைய நிலையை அதனோடு ஒப்பிட்டால், சரிவு உண்மையில் உள்ளதைவிடக் கூடுதலாகவே தெரியும். இதையும் மனத்திற்கொள்ளுங்கள்.

கேள்வி: ஸ்ட்ரைப்ட் பாஸ் மீனையே இங்கு கொண்டுவந்து மகாவலியில் விட்டால் என்ன? கலிபோர்னியாவிலும் அப்படித்தான் விட்டார்கள் என்று படித்தேன்.
– வாசகர், மூதூர்

பதில்: விட்டார்கள். 1879இல் நியூ ஜெர்சியிலிருந்து நூற்றுச் சொச்சம் இளமீன்களைப் புகையிரதத்தில் ஏற்றிச் சென்று சான் பிரான்சிஸ்கோ குடாவில் விட, அவை பெருகி நிலைத்துவிட்டன. ஆனால் அங்குள்ள நீர் குளிர்ந்தது. முட்டையிட இந்த மீனுக்கு ஏறக்குறைய 15 முதல் 20 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். மூதூரில் அந்த நீரைக் குளிர்சாதனப் பெட்டிக்குள்தான் காணலாம். அப்படியே பிழைத்தாலும், அந்நிய மீன் ஒன்று நம் மணலை மீனையும் இறாலையும் தின்று கொழுப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கத் தூண்டிற்காரர்களே முதலில் விரும்பமாட்டார்கள்.

கேள்வி: நாங்கள் ஒரு முள்ளில் ஒரு மீனைப் பிடிக்கிறோம். ஒரே வளைப்பில் ஆயிரக்கணக்கில் அள்ளுபவர்களை விட்டுவிட்டு, பெரிய மீனை விடுங்கள், சிறிய மீனை விடுங்கள் என்று எங்களுக்கு ஏன் உபதேசம்?
– வாசகர், திருகோணமலை நகரம்

பதில்: உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஸ்ட்ரைப்ட் பாஸ் விடயத்தில் அது செல்லாது. நியூ ஜெர்சியில் அந்த மீனை விற்பதற்காகப் பிடிக்கவே இடமில்லை. அத்திலாந்திக் கரை முழுவதையும் எடுத்துக்கொண்டாலும் வணிக வலைகளைவிடப் பொழுதுபோக்குத் தூண்டில்களாலேயே அதிக மீன்கள் அழிகின்றன. எனவே அங்கே கட்டுப்பாடு தூண்டிற்காரர்மேல் விழுவது முறையானது. ஒரு நாளைக்கு ஒரு மீன், அதுவும் 71 சென்ரிமீற்றருக்குக் குறையாமலும் 79 சென்ரிமீற்றருக்கு மேற்படாமலும் இருந்தால் மட்டுமே வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம் என்று 2023 மே மாதத்தில் அவசர விதி வந்தது. அதற்கு முன் மேல் எல்லை 89 சென்ரிமீற்றராக இருந்தது. 2015இல் பிறந்து எஞ்சியிருக்கும் மீன்கள் அந்தப் பழைய எல்லைக்குள் அடங்கும் அளவுக்கு வளர்ந்து வந்து கொண்டிருந்தமையாலேயே எல்லையைச் சுருக்கினார்கள்.

இங்கே ஒல்லாந்தர் குடாவில் மாலை வேளையில் தூண்டில் போடுபவர் கடலை வெறுமையாக்குகிறார் என்று நான் சொல்லமாட்டேன். வலைக்காரரும் டைனமைற்காரரும் செய்வதை நிறுத்தாமல் உங்களுக்கு மட்டும் விதி எழுதுவது அநீதி. ஆனாலும் கொடுவாவைப் பொறுத்தவரை ஒரு செய்தியைத் தெரிந்துகொள்ள வேண்டும். கொடுவா ஆணாகவே முதிர்ச்சியடைகிறது. சில ஆண்டுகள் ஆணாக வாழ்ந்து, ஏறக்குறைய 80 முதல் 100 சென்ரிமீற்றர் வளர்ந்த பின்னரே பெரும்பாலும் பெண்ணாக மாறுகிறது. ஆகவே படம் எடுத்துக்கொள்ளத் தூக்கிப் பிடிக்கும் அந்தப் பெரிய கொடுவா அநேகமாக முட்டை சுமக்கும் பெண். வலை எல்லா அளவிலும் அள்ளுகிறது. பெரியதையே தேடிச் செல்பவர் தூண்டிற்காரர். எண்ணிக்கையில் நீங்கள் எடுப்பது சொற்பமாக இருந்தாலும், எடுக்கும் மீன் எது என்பதில் உங்கள் பங்கு சிறியதல்ல.

குவீன்ஸ்லாந்தில் 58 சென்ரிமீற்றருக்குக் கீழும் 120 சென்ரிமீற்றருக்கு மேலும் உள்ள கொடுவாவை வைத்துக்கொள்ளக் கூடாது. அதன் கிழக்குக் கரையில் நவம்பர் தொடக்கம் முதல் பெப்ரவரி தொடக்கம் வரை பிடிக்கவே கூடாது. நம் கரையில் விதி வரும்வரை காத்திராமல், பழகிய நண்பர்களுக்குள் இப்படியோர் உடன்பாட்டை வைத்துக்கொள்வதற்கு எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பிடித்தவற்றின் நீளத்தையும் திகதியையும் இடத்தையும், முக்கியமாகத் திருப்பி விட்ட சிறிய மீன்களையும் ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். ஐந்தாறு பேர் சில ஆண்டுகள் எழுதினாலே, கடற்றொழில் திணைக்களத்திடம் நீங்கள் முறையிடும்போது உங்கள் பேச்சுக்கு வேறு எடை வந்துவிடும்.

கேள்வி: விடுவிக்கும் மீன் பிழைக்குமா? எப்படியும் சாகப் போகிறது என்றால் வீட்டுக்கே கொண்டு போகலாமே!
– வாசகர், நிலாவெளி

பதில்: பெரும்பாலானவை பிழைக்கும், எல்லாம் அல்ல. விடுவிக்கப்படும் ஸ்ட்ரைப்ட் பாஸ்களில் நூற்றுக்கு 9 இறப்பதாக அங்குள்ளோர் கணக்கிடுகிறார்கள். சிறிய எண்தான், ஆனால் விடுவிக்கப்படும் மீன்கள் பல மில்லியன் என்பதால், வைத்துக்கொண்ட மீன்களைவிட விடுவித்து இறந்தவையே அதிகமாக இருந்த ஆண்டுகளும் உண்டு. எனவே ஒரு நாளைக்கு அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை நிரம்பிய பின்னும் விட்டு விட்டுப் பிடித்துக்கொண்டிருப்பது பாவமற்ற விளையாட்டு அல்ல. நீர் சூடாக இருக்கும்போது இறப்பு மேலும் கூடும். நம் கடல் ஆண்டு முழுவதும் சூடானது. கொடுவா அந்தச் சூட்டுக்குப் பிறந்தது என்றாலும், உச்சி வெயிலில் நீண்ட நேரம் போராடிக் களைத்த எந்த மீனும் எளிதில் மீளாது.

இரை கோத்துத் தூண்டில் போடுபவர்களுக்கு அங்கே வட்டமாக உள்நோக்கி வளைந்த முள்ளைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். அது குடலில் ஏறாமல் வாயோரத்திலேயே கொளுவும்; அதைப் பாவிக்கும்போது வெடுக்கென்று சுண்டாமல் மெல்ல இறுக்க வேண்டும். மெல்லிய தங்கூசியில் நெடுநேரம் விளையாட்டுக் காட்டாமல், தாங்கக்கூடிய தடிப்பில் கட்டி விரைவாகக் கரை சேருங்கள். மீனைச் சுடுமணலிலோ பாலத்துச் சீமெந்திலோ போடவேண்டாம். கையை நனைத்துக்கொண்டு, தாடையில் மட்டும் தொங்கவிடாமல் வயிற்றையும் தாங்கிப் பிடியுங்கள். பெரிய மீனைச் செங்குத்தாகத் தூக்கினால் உள்ளுறுப்புகள் இழுபடும். கொடுவாவின் செவுள் மூடியின் விளிம்பு கத்தியைப் போலக் கையைக் கிழிக்கும் என்பதால் அங்கே விரலை நுழைக்காதீர்கள். அது உங்களுக்கும் நல்லது, மீனுக்கும் நல்லது. முள் ஆழமாக விழுங்கப்பட்டிருந்தால் தோண்டி எடுக்க முயலாமல், வாய்க்கு அருகில் தங்கூசியை வெட்டிவிட்டு, நீரோட்டத்துக்கு முகம் பார்த்தபடி மீனை நீருக்குள் பிடித்திருங்கள். அது தானாக வாலை அடித்து விலகும்போது கையை எடுத்தால் போதும்.