பூனைக்குட்டிக்குக் கண்ணை எங்கே வைப்பது?

கேள்வி: ஐந்து வயது மகள் தினமும் கொப்பியோடு வந்து "அம்மா, பூனைக்குட்டி கீறித் தாங்கோ" என்று நிற்கிறாள். நான் கீறினால் ஒன்றில் நாய் மாதிரி வருகிறது, இல்லாவிட்டால் கோபக்காரப் பூனையாக வருகிறது. வடிவான குட்டிப் பூனை கீற வழி இருக்கிறதா?
- ஒரு அம்மா, வெள்ளவத்தை

பதில்: இருக்கிறது அம்மா, பெரிய கைத்திறமையும் தேவையில்லை. பூனை கோபமாக வருவதற்குப் பெரும்பாலும் கண் இருக்கும் இடம்தான் காரணம். கண்ணைச் சின்னதாக்கித் தலை உச்சிக்குக் கிட்டக் கொண்டுபோய் வைத்து, மேலே ஒரு சரிந்த கோடும் போட்டுவிட்டால் அது முறைக்கத்தான் செய்யும். மூக்கையும் வாயையும் முன்னுக்கு நீட்டினால் நாயாகிவிடும்.

கொன்ராட் லோரென்ஸ் என்ற ஒஸ்திரிய விலங்கியலாளர் 1943இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பெரிய தலை, உயர்ந்த நெற்றி, முகத்தில் கீழே இறங்கிய பெரிய கண்கள், உப்பின கன்னம், கட்டைக் கைகால், இவற்றை எங்கே கண்டாலும், அது மனிதக் குழந்தையோ நாய்க்குட்டியோ, எங்களுக்குத் தானாகவே பாசம் வந்துவிடுகிறது என்பது அவருடைய கருத்து. செல்லமான கார்ட்டூன் உருவங்கள் பெரும்பாலும் இந்த அளவுகளை வைத்துத்தான் கீறப்படுகின்றன.

ஆகவே தலையில் இருந்து தொடங்குங்கள். பணிஸை மேலே இருந்து லேசாக அமுக்கினால் வருமே, அப்படி அகலமான ஒரு வட்டம். அதன் நடுவில் குறுக்காக ஒரு மெல்லிய கோடு போட்டுக்கொண்டு, கண் இரண்டையும் அந்தக் கோட்டுக்குக் கீழே, நன்றாகத் தள்ளித் தள்ளி வையுங்கள், இடையில் இன்னும் இரண்டு கண் வைக்க இடம் இருக்கிற அளவுக்கு. மூக்கைக் கண்களுக்கு நடுவில் ஒரு பொட்டளவு போட்டு, அதற்கு அடியிலேயே இரண்டு சின்ன வளைவுகளைச் சேர்த்தால் வாய் வந்துவிடும். கண்ணைக் கறுப்பாக நிரப்பும்போது மேல் மூலையில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளியை விட்டுவிடுங்கள், இரண்டு கண்ணிலும் ஒரே பக்கமாக. அந்தப் புள்ளி இல்லாவிட்டால் பூனைக்கு உயிரே வராது! உண்மைப் பூனையின் கண்மணி வெயிலில் நெட்டுக் கோடாகச் சுருங்கும், இருட்டில் வட்டமாக விரியும். நீங்கள் இருட்டுப் பூனையின் கண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். மீசை உண்மையில் ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டு அளவில் இருக்கும், படத்துக்கு மூன்று போதும். உடம்பு தலையைவிடச் சின்னதாக இருக்கட்டும், வாலை மட்டும் தாராளமாக விடலாம்.

இனி, எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிற விஷயம். மகளின் கொப்பியில் நீங்கள் கீறாதீர்கள். அவளுக்கு ஒரு தாள், உங்களுக்கு ஒரு தாள், பக்கத்தில் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு கோடாகச் சேர்ந்து போடுங்கள். நீங்கள் தலை கீறினால் அவளும் தலை கீறுவாள், அப்புறம் காது எங்கே வைக்கலாம் என்று அவளிடம் கேளுங்கள், அவள் சொல்கிற இடத்திலேயே உங்கள் பூனைக்கும் வையுங்கள். கீறிக் கொடுத்த பூனை அம்மாவுடைய பூனையாகத்தான் இருக்கும், அடுத்த நாளும் கொப்பியைத் தூக்கிக்கொண்டுதான் வருவாள். அவள் கையால் வந்த பூனைக்குக் காது ஒன்று பெரிதாக, கண் ஒன்று கன்னத்துக்கு இறங்கிப்போய் இருந்தாலும் அழிரப்பரைத் தொடாதீர்கள். "சரியில்லை, இங்கே தா" என்ற ஒரு சொல்லோடு கீறுவதையே விட்டுவிடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், அது எனக்குச் சரியான கவலை.

கேள்வி: என் பேரனுக்கு மூன்றரை வயது. பூனை கீறச் சொன்னால் முகத்தில் இருந்தே காலை இழுத்து விடுகிறான், உடம்பே இல்லை. திருத்த வேண்டுமா?
- ஒரு அப்பப்பா, கொட்டாஞ்சேனை

பதில்: வேண்டாம் ஐயா, அவன் வயதுக்குச் சரியாகத்தான் கீறுகிறான். உலகத்தின் பல நாடுகளிலும் மூன்று நான்கு வயதுப் பிள்ளைகள் ஆளைக் கீறினாலும் இப்படித் தலையும் காலுமாகத்தான் கீறுவார்கள், கொஞ்ச நாளில் உடம்பு தானாக வந்து சேரும். பொதுவாகப் பார்த்தால் வட்டத்தைப் பார்த்துக் கீற மூன்று வயதளவில் வரும், சதுரம் நான்கு வயதளவில், முக்கோணம் ஐந்து வயதளவில். பூனையின் காது முக்கோணம் என்பதால் அவனுக்கு அது இப்போது ஏலாது. பழைய கலண்டர் தாளில் நீங்கள் இரண்டு முக்கோணம் வெட்டிக் கொடுங்கள், அவன் பசை பூசி ஒட்டட்டும். கலண்டர் தாள் தடிப்பாக, பின்பக்கம் வெள்ளையாக இருப்பதால் கீறவும் அதுவே நல்லது. மெல்லிய பென்சிலைவிடத் தடித்த பஸ்டல்தான் அந்தச் சின்னக் கைக்குப் பிடிக்கச் சுகம். கீறி முடித்ததும் "இது என்ன?" என்று கேட்காமல், "இவர் எங்கே போகிறார்?" என்று கேட்டுப் பாருங்கள், கதை சொல்லத் தொடங்கிவிடுவான்.

கேள்வி: என் இரண்டு மகன்மாருக்கும் (8, 10 வயது) வீட்டுப் பூனை கீறி அலுத்துவிட்டது. அடுத்தது என்ன கீறலாம்?
- ஒரு அப்பா, இராஜகிரிய

பதில்: உங்கள் பக்கத்திலேயே ஒருவர் இருக்கிறாரே, மீன்பிடிப் பூனை! கொழும்பைச் சுற்றியுள்ள சதுப்பு நிலங்களில் இந்தக் காட்டுப்பூனை வாழ்கிறது, இரவில்தான் கூடுதலாக நடமாடும். ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சார் என்ற சர்வதேச உடன்படிக்கையின் கீழ் 2018இல் 'ஈரநில நகரம்' என்ற அங்கீகாரம் கிடைத்த நகரங்களில் கொழும்பும் ஒன்று, அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். எட்டுப் பத்து வயதுக்காரருக்கு இப்படி உண்மை விவரம் இருந்தால்தான் கீற உற்சாகம் வரும். முகத்துக்கு முதல் பதிலில் சொன்ன அளவுகளையே வைத்துக்கொண்டு, சில இடங்களை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். காது சின்னதாக, வட்டமாக இருக்க வேண்டும். நெற்றியில் இருந்து கழுத்துக்குக் கறுப்புக் கோடுகள், சாம்பல் நிற உடம்பில் வரிசை வரிசையாகப் புள்ளிகள். வால் கட்டை, உடம்பு நீளத்தில் பாதிகூட வராது. முன்கால் விரல்களுக்கு இடையில் கொஞ்சம் சவ்வு உண்டு, பெரியவர் அதைக் கீறட்டும், சின்னவர் வாயில் ஒரு மீனைக் கொடுக்கட்டும்.