நூறு சதவீதம் பருத்தி என்று எழுதினேன், ஆய்வகம் இல்லை என்கிறது

கேள்வி: ஐயா, கரூரில் சோபா கவர், மெத்தை உறை தைத்து விற்கிறேன். முதல் தடவையாகச் சீனாவிலிருந்து ஒரு கண்டெய்னர் பிரிண்டட் கேன்வாஸ் துணி இறக்கினேன். சப்ளையரின் இன்வாய்ஸில் "100% பருத்தி, 250 ஜிஎஸ்எம்" (சதுர மீட்டருக்கு 250 கிராம்) என்று இருந்தது. அதைப் பார்த்துச் சுங்க ஏஜென்ட் 5209 51 என்ற வரி அட்டவணை எண்ணில் பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதி அறிவிப்பு) போட்டார். துறைமுகத்தில் சாம்பிள் எடுத்தார்கள். நான்கு நாளுக்கு முன் ரிப்போர்ட் வந்தது: 243 ஜிஎஸ்எம், பருத்தி 83.6%, மீதி பாலியஸ்டர், நெசவு 2/2 மேட். ஆகவே துணி 5211 59-இல்தான் வரும், தவறான விவரம் கொடுத்ததால் சரக்கைப் பறிமுதல் செய்யலாம் என்கிறார்கள். வரி வித்தியாசம் பெரிதில்லை. ஒப்புக்கொண்டு கடிதம் கொடுத்து அபராதத்தைக் கட்டினால் சரக்கு உடனே வெளியே வந்துவிடும் என்கிறார் ஏஜென்ட். கட்டிவிடலாமா?

பதில்: அந்தக் கடிதத்தில் இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். ஆய்வக முடிவு உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து 10 நாளுக்குள் மறு ஆய்வு கேட்கலாம் என்று மறைமுக வரி வாரியம் 2017-இல் சுற்றறிக்கை (30/2017) விட்டிருக்கிறது. அதில் நான்கு நாள் போய்விட்டது. இன்றே எழுதுங்கள்.

மறு ஆய்வு எதற்கு என்று புரிய வேண்டுமானால், இந்த எண்களுக்குள் கொஞ்சம் போக வேண்டும். நெய்த பருத்தித் துணியில் 85 சதவீதமோ அதற்கு மேலோ பருத்தி இருந்து, சதுர மீட்டருக்கு 200 கிராம் வரை எடை இருந்தால் 5208 என்ற தலைப்பு. 200-ஐத் தாண்டினால் 5209. பருத்தி 85-க்குக் கீழே இறங்கி, கலந்தது முழுவதுமோ பெரும்பாலுமோ செயற்கை இழையாக இருந்தால், இதே 200 கிராம் கோட்டை வைத்து 5210 அல்லது 5211. லினன் போன்ற வேறு இழை கலந்த பருத்தித் துணி 5212-க்குப் போகும். உங்களுக்கு எடையில் சிக்கல் இல்லை. 250 என்று எழுதி 243 வந்தாலும் தலைப்பு மாறாது. பிரிண்ட் என்பதிலும் தகராறு இல்லை.

சண்டை 85-க்கும் 83.6-க்கும் நடுவில் இருக்கும் அந்த 1.4 சதவீதத்தில்தான். பருத்தி-பாலியஸ்டர் கலப்பைப் பிரிக்க ஆய்வகங்கள் வழக்கமாக 75 சதவீதக் கந்தக அமிலத்தைப் பயன்படுத்தும். பருத்தி கரைந்துபோகும். கரையாமல் மிஞ்சுவதை எடைபோட்டுப் பாலியஸ்டர் என்று எழுதுவார்கள். ஆனால் உங்கள் துணி பிக்மென்ட் பிரிண்டாக இருந்தால், சாயத்தைத் துணியோடு ஒட்டவைக்கும் அக்ரிலிக் பசையும் கரையாமல் மிஞ்சக்கூடும். சோதனைக்கு முன்பே அதை நீக்க வேண்டும் என்பது முறை. ஆனால் பதப்படுத்திய பிரிண்ட் பசை லேசில் போகாது. சதவீதக் கணக்கில் துணியின் இழைகளை மட்டும்தான் சேர்க்க வேண்டும். கஞ்சி, பசை, பூச்சு எதையும் சேர்க்கக் கூடாது. ஆகவே மறு ஆய்வு மனுவில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எந்த முறையில் சோதித்தார்கள்? பிரிண்ட் பசையை முன்பே நீக்கினார்களா? மிஞ்சியது பாலியஸ்டர் இழைதான் என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்து உறுதி செய்தார்களா? மிஞ்சியது செயற்கை இழை என்று நிறுவாமல் 5211-க்குப் போக முடியாது.

அதற்காக அந்த 16 சதவீதமும் பசைதான் என்று நான் நம்பவில்லை, அது மிக அதிகம். அதனால் மனு போடும் முன் ஒரு வேலை செய்யுங்கள். கையில் இருக்கும் சாம்பிளிலிருந்து பாவு (நீளவாக்கு) நூலையும் ஊடை (குறுக்குவாக்கு) நூலையும் தனித்தனியாக உருவி நெருப்பில் காட்டுங்கள். பருத்தி சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான உருண்டையாக நிற்கும். இரண்டில் எதிலாவது உருண்டை வந்தால் சப்ளையர் உங்களை ஏமாற்றிவிட்டார் என்று அர்த்தம். அப்புறம் மறு ஆய்வில் நேரத்தை வீணாக்காதீர்கள்.

நெசவு விஷயத்தில் அதிகாரி சொல்வது சரி என்றே நினைக்கிறேன். சாதா நெசவு என்றால் ஒவ்வொரு ஊடை இழையும் அடுத்தடுத்த பாவு இழைகளுக்கு மேலும் கீழுமாக மாறி மாறிப் போக வேண்டும் என்கிறது சுங்க வரி அட்டவணையில் துணிப் பிரிவின் குறிப்பு. இரண்டிரண்டு இழையாகச் சேர்ந்து போகும் மேட் நெசவு அந்த வார்த்தைகளுக்குள் அடங்காது. கடையில் எல்லாவற்றையும் கேன்வாஸ் என்று சொல்கிறோம், அட்டவணைக்கு அது போதாது. ஆகவே முழுப் பருத்தி என்றே முடிவானாலும் உங்கள் எண் சாதா நெசவுக்கான 5209 51 அல்ல, மற்ற நெசவுகளுக்கான 5209 59.

இந்த இரண்டு தவறுகளும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. பறிமுதல் மிரட்டலுக்கான பதிலே இங்கேதான் இருக்கிறது. துணியை உள்ளபடி விவரித்துவிட்டு எண்ணைத் தவறாகப் போட்டால், அது இறக்குமதியாளரின் புரிதல் சார்ந்தது. இந்த வகைப்பாடுதான் பொருந்தும் என்று உரிமை கோருவதே தவறான விவரம் ஆகிவிடாது என்று நார்தர்ன் பிளாஸ்டிக் வழக்கில் 1998-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நெசவு விஷயத்தில் இந்தத் தீர்ப்பு உங்களுக்குத் துணை நிற்கும். ஆனால் கலப்புத் துணியை '100% பருத்தி' என்று எழுதியிருந்தால் விவரமே தவறு. அதற்கு இந்தத் தீர்ப்பு உதவாது. சுங்கச் சட்டம் 1962-இன் 111(எம்) பிரிவில் பறிமுதல் செய்ய, உங்களுக்குக் கெட்ட எண்ணம் இருந்ததா என்று பார்க்க வேண்டியதில்லை. அப்போது நீங்கள் வாதாட வேண்டியது தொகையைக் குறைக்க. முழுப் பருத்தி என்று கேட்ட பர்ச்சேஸ் ஆர்டர், சப்ளையரின் மின்னஞ்சல், அவர் அனுப்பிய டெஸ்ட் ரிப்போர்ட் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்.

தொகை எவ்வளவு வரும்? தடை செய்யப்படாத, வரி கட்ட வேண்டிய சரக்குக்கு 112-ஆம் பிரிவு அபராதம், தவிர்க்கப் பார்த்த வரியில் 10 சதவீதம் அல்லது 5,000 ரூபாய், இதில் எது கூடுதலோ அதைத் தாண்டக் கூடாது. உங்கள் வரி வித்தியாசமே சிறியது என்கிறீர்கள், ஆகவே இது பெரிய அடி இல்லை. சரக்கை மீட்கக் கட்டும் 125-ஆம் பிரிவுத் தொகைதான் கடிக்கும். அதிகாரி தீர்மானிக்கும் தொகை அது. சந்தை விலையிலிருந்து வரியைக் கழித்தால் வருவது அதன் உச்சவரம்பு. வரி வித்தியாசத்தையும் ஒரு தடவை நீங்களே சரிபாருங்கள். துணி வரிசைகளில் சிலவற்றுக்கு 'இத்தனை சதவீதம் அல்லது அளவுக்கு இவ்வளவு ரூபாய், எது கூடுதலோ அது' என்ற வகை விகிதம் உண்டு.

ஏஜென்ட் நீட்டும் கடிதத்தை ஏன் வேண்டாம் என்கிறேன் தெரியுமா? உங்கள் மதிப்பீட்டை மாற்றினால் காரணம் சொல்லி 15 நாளுக்குள் ஆணை பிறப்பிக்க வேண்டும் என்கிறது அதே சுங்கச் சட்டத்தின் 17(5) பிரிவு. நீங்கள் எழுத்தில் ஒப்புக்கொண்டால் அந்தக் கடமை போய்விடும். பறிமுதலுக்கு முன் நோட்டீஸும் விசாரணையும் வேண்டும் என்பது 124-ஆம் பிரிவு. பெரும்பாலும் அதே கடிதத்தில் அதையும் விட்டுக்கொடுக்கச் சொல்வார்கள். 'தெரிந்தே தவறாக எழுதினேன்' என்று பொருள்படும் ஒரு வரி அதில் இருந்தால் விஷயம் இன்னும் மோசம். தெரிந்தே பொய் ஆவணம் கொடுத்தால் சரக்கு மதிப்பில் ஐந்து மடங்கு வரை அபராதம் போட 114ஏஏ பிரிவு இடம் கொடுக்கிறது. ஏஜென்ட்டைக் குறை சொல்லவில்லை, அவருக்கு ஃபைல் முடிந்தால் போதும்.

டெமரேஜ் (சரக்கு தேங்கி நிற்பதற்கான கட்டணம்) ஓடுகிறதே என்பது நியாயமான கவலை. மறு ஆய்வு மனுவோடு சேர்த்து, 18-ஆம் பிரிவின் கீழ் தற்காலிக மதிப்பீட்டில் பாண்ட் (உறுதிப் பத்திரம்) எழுதி வாங்கிக்கொண்டு சரக்கை விடச் சொல்லுங்கள். வகைப்பாடு மட்டும் நிலுவையில் இருக்கும்போது அதை மறுக்கப் பெரிய காரணம் இல்லை. மறுத்தால் 49-ஆம் பிரிவில் பொது வேர்ஹவுஸுக்கு மாற்றக் கேளுங்கள், துறைமுக வாடகையாவது நிற்கும்.

மறு ஆய்விலும் 85-க்குக் கீழே வந்தால் 5211-ஐ ஏற்றுக்கொண்டு, மீட்புத் தொகையைக் குறைக்க மட்டும் வாதாடுங்கள். 85-ஐத் தொட்ட பிறகும் ஆணை எதிராக வந்தால், கமிஷனரிடம் மேல்முறையீடு செய்ய 60 நாள் இருக்கிறது; தகராறில் உள்ள தொகையில் 7.5 சதவீதம் முன்கட்டணம் கட்ட வேண்டும். இதே துணியை மறுபடி இறக்குவதாக இருந்தால், ஆர்டர் கொடுக்கும் முன்பே சரக்கு எந்த எண்ணில் வரும் என்று முன்கூட்டியே சொல்லும் சுங்க முன் தீர்ப்பு ஆணையத்துக்கு மனு போடுங்கள். டெல்லியிலும் மும்பையிலும் இருக்கிறது, மூன்று மாதத்துக்குள் பதில் தர வேண்டும். சட்டமோ உண்மை விவரங்களோ மாறாதவரை அந்தத் தீர்ப்பு சில ஆண்டுகள் செல்லும்.