ஏரிக்கரை வாசலில் இரும்புத் தூண்கள்

கேள்வி: எங்கள் ஊர் ஏரிக்கரையில் நகராட்சி மூன்று வருடம் முன்பு நடைபாதை போட்டது. பைக் நுழையாமலிருக்க வாசலில் நெருக்கமாக இரும்புத் தூண்கள் நட்டிருக்கிறார்கள். என் அக்காவின் சக்கர நாற்காலி உள்ளே போகவில்லை. "தூக்கிட்டுப் போங்க, யாராவது கை கொடுப்பாங்க" என்கிறார் காவலாளி. சட்டத்தில் வழி உண்டா?

பதில்: உண்டு. காவலாளியோடு மல்லுக்கு நிற்காதீர்கள். தூணை நட்டது அவரில்லை. ஒரு டேப் எடுத்துக்கொண்டு போங்கள். தூண்களின் இடைவெளியை அளந்து, எண் தெரியும்படி படம் எடுங்கள். சாதாரணச் சக்கர நாற்காலியே 65, 70 செ.மீ. அகலம் வரும், சக்கரத்தைத் தள்ளும் கைக்கும் இடம் வேண்டும். மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறை வாசலுக்குக் கேட்பது 90 செ.மீ. படி இருந்தால் அதன் உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஓரடி உயரத்துக்கு 12 அடி நீளச் சாய்தளம் என்பது கணக்கு. செங்குத்தாகச் சிமென்ட் பூசிவிட்டு 'ராம்ப்தான் இருக்கே' என்பவர்களிடம் இந்த அளவுதான் பேசும்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அவர்கள் தடையின்றி வந்து போகும்படி இருக்க வேண்டியவற்றில் பொழுதுபோக்கு இடங்களையும் சேவைகளையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. பழைய கட்டுமானங்களைச் சரிசெய்ய, 2017 ஜூனில் விதிகள் வந்ததிலிருந்து ஐந்து வருடம் கொடுத்தார்கள். அதுவும் 2022-இல் முடிந்துவிட்டது. உங்களுடையதோ அந்த விதிகளுக்குப் பிறகு வந்த பாதை. அவகாசம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அணுகல் அளவுகளை வெறும் பரிந்துரையாக விட்டிருந்த, அந்த 2017 விதிகளின் 15-ஆம் விதி செல்லாது, கட்டாய விதி வேண்டும் என்று 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

பைக் பிரச்சினையை நகராட்சி கட்டாயம் கிளப்பும். 90 செ.மீ.யில் பைக்கும் நுழையும்தான், மறுக்கவில்லை. அதைத் தடுக்கத்தானே காவலாளி? மெரினாவில் கடல் வரை மணல்மேலேயே மரப்பாதை போட்ட அரசு இது என்பதையும் மனுவில் ஒரு வரி எழுதுங்கள். (காட்டுக்குள் மலையேறும் ஒற்றையடிப் பாதை என்றால் என் பதில் இவ்வளவு உறுதியாக இருந்திருக்காது. அளவுக்கு மீறிய சுமையைச் சட்டமும் கேட்பதில்லை. இங்கே இருப்பது சமதரை, தடுப்பது நாலு தூண்.)

சரி, மனு யாருக்கு? நகராட்சி ஆணையருக்கு, நகல் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, அந்தப் பாதையின் வரைபடத்தையும் மதிப்பீட்டையும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்.

அசையவில்லையா? சென்னையிலுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு எழுதுங்கள். ஆட்களை வரவழைக்க, ஆவணம் கேட்க, அவருக்கு சிவில் நீதிமன்ற அதிகாரம் உண்டு. அவர் பரிந்துரைத்தால் நகராட்சி மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டும், இல்லை ஏன் முடியாது என்று காரணம் சொல்ல வேண்டும். காரணம் நொண்டிச்சாக்காக இருந்தால், அப்புறம் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு, அதாவது நகராட்சிக்கு உத்தரவு போடச் சொல்லிக் கேட்கும் மனு. சட்டத்தை மீறினால் முதல் தடவை அபராதம் 10,000 ரூபாய் வரைதான். அதை நம்பி இறங்காதீர்கள், நமக்கு வேண்டியது தூண் நகர்வது.

மனுவில் கையெழுத்து உங்களுடையதாக இருக்க வேண்டாம், அக்காவே போடட்டும். அவருடைய மாற்றுத்திறனாளி அடையாள அட்டை நகலையும் இணைத்துவிடுங்கள்.